ஐந்து கோடுகள்

படிவத்தில் ஐந்து கோடுகள்தான் இருந்தன.
எங்களிடம் முப்பத்தொன்று இருந்தது.

பேரணாம்பட்டு, சமுதாயக் கூடத்து மாடி,
ஞாயிறு மாலை நாலரை.
இளைஞர் மன்றத்தின் இரண்டாவது கூட்டம்.
முதல் கூட்டத்துக்கு வந்தவர்களில் பாதிப்பேரைக் காணோம்;
அன்றைக்கு பிரியாணி போட்டார்கள்.

நோட்டை என்னிடம் தந்தார்கள்.
கையெழுத்து நன்றாயிருக்குமாம்.
ஷூ கம்பெனியில் நாளெல்லாம்
தோலின் ஓரத்தில் மூன்று மில்லிமீட்டர் தள்ளி
தையல் ஓட்டுகிறவள்
கோட்டைத் தாண்ட மாட்டாள் என்று
நினைத்திருக்கலாம்.

முதலில் பஸ்.
ஆம்பூரிலிருந்து ஒன்பதரைக்குப் பிறகு ஒரு வண்டி.
அதில் சண்டையே இல்லை.
ஓவர்டைம் முடிந்து ஷேர் ஆட்டோவில்
ஓட்டுகிறவன் முழங்கைக்கும் கம்பிக்கும் நடுவே
மூச்சைப் பிடித்து வந்த எல்லாக் கைகளும்
ஒரே நேரத்தில் உயர்ந்தன.

வேலைவாய்ப்புன்னு போடுங்க, கேக்க நல்லாருக்கும் என்றான்
ஹேமச்சந்திரன், கவுன்சிலரின் அக்கா மகன்.
"வேலைதான் கீதே" என்றாள் பரிமளா.
"கக்கூஸ் போறதுக்கு டோக்கன் வாங்காத வேலைன்னு எழுது."
பையன்கள் சிரித்தார்கள்.
பெண்கள் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்து
பையன்கள் நிறுத்தினார்கள்.
டோக்கன் என்று எழுதினேன். எப்படி எழுதுவதென்று தெரியாமல்
அந்த ஒரு சொல்லை மட்டும்.

கிரவுண்டில் வருஷத்துக்கு நாலு மாசம் பொருட்காட்சி,
"மீதி எட்டு மாசம் அதோட ஆணி" என்ற அப்ரோஸ்
பேண்ட்டைச் சுருட்டிக் கணுக்காலைக் காட்டினான்.
கிளாட்சன் தன் தெருவின் கம்பங்களை
விரல் விட்டு எண்ணினான்: ஏழு.
எரிகிறவை என்று கேட்டதற்கு
விரலை எல்லாம் மடக்கிக்கொண்டான்.
நூலகம் ஆறு மணிக்கு மூடுகிறது,
நாங்கள் கார்டு தேய்ப்பதும் ஆறு மணிக்கு.
இப்படியே போனது. மின்விசிறி
டக் டக் என்று எல்லாவற்றுக்கும் ஓட்டுப் போட்டது.

நேரில் சொல்லத் தயங்குகிறவர்களுக்கென்று
ஒரு மிட்டாய் டப்பா வைத்திருந்தோம்.
கடைசியாகத் திறந்தார்கள்.
ஒரு சீட்டில் விஜய் வாழ்க.
ஒன்றில் யாரோ யாருக்கோ எழுதிய போன் நம்பர்.
ஒன்றில்,

என் தம்பி மாத்திரை போடுகிறான்.
யாரிடம் சொல்வது.

ரெஹானா படித்துவிட்டு மடித்தாள்.
மறுபடி பிரித்தாள்.
எழுத்து கோணிக்கோணி, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்து,
எட்டு வயசுக் குழந்தை எழுதியது போல.
யார் எழுத்து என்று யாரும் கேட்கவில்லை.
ஆளாளுக்குத் தன் வீட்டில் ஒரு முகத்தை
நினைத்துக்கொண்டது போலிருந்தது.
அப்ரோஸ் சுருட்டிய பேண்ட்டை இறக்கிவிட்டான்.

"இது கோரிக்கை இல்ல, கேள்வி" என்றான் ஹேமச்சந்திரன்.
"மறுவாழ்வு மையம்னு மாத்திடலாம்."
"மாத்தாத" என்றான் கிளாட்சன்.
"அவங்களுக்குத் தெரிஞ்சா பதில் சொல்லட்டும்.
தெரியலன்னா தெரியலன்னு எழுதித் தரட்டும்."

கீழே மஞ்சள் நீராட்டு விழாவுக்கு நாற்காலி இறங்கியது.
காவலாளி வந்து விசிறியை நிறுத்தினார்.
பஸ்ஸும் டோக்கனும் தெருவிளக்கும் நூலகமும்
தலைக்கு ஒரு கோடு எடுத்துக்கொண்டன.
கிரவுண்டு அடுத்த முறைக்கு என்றார்கள்;
அப்ரோஸ் ஒன்றும் சொல்லவில்லை.

ஐந்தாவது கோட்டில்
அந்த எட்டுச் சொற்களில் கடைசி இரண்டை மட்டும்
என்று சொல்ல நினைக்கிறேன்,
மொத்தம் ஆறுதான், நான்தான் தப்பாக எண்ணியிருக்கிறேன்,
கை அப்படி நடுங்கியது.
யாரிடம் சொல்வது.
வலது கையால், நேராக, மூன்று மில்லிமீட்டர் தள்ளி.
கேள்விக்குறி போடச் சொன்னாள் ரெஹானா.
போட்டேன்.

திங்கட்கிழமை அலுவலகத்தில் சீல் குத்தி வாங்கினார்கள்.
பெறப்பட்டது என்ற ஊதா எழுத்து
ஐந்தாம் கோட்டின் மேலேயே விழுந்தது.

அன்று இரவு ஒன்றரைக்குத் தம்பி வந்தான்,
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு.
சோறு போட்டேன்.
இடது கை விரலில் இன்னும் பேனா மை இருந்தது.
பார்த்தானா என்று தெரியவில்லை.